மென்பவளத்தைப் படிக்கத் தெரிந்தால் நத்தை தானாக அகப்படும்

புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டு பத்துப் பதினைந்து முறை முங்கியவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: "மென்பவளத்தில் ஒளிந்திருக்கும் நத்தையை மற்றவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள், என் கண்ணில் மட்டும் ஏன் படுவதில்லை?" பதில் கொஞ்சம் எரிச்சலூட்டக்கூடியது. நத்தையைத் தேடுவதால்தான் படுவதில்லை. மாட்டைத் தொலைத்தவர் குளம்படியையும் மேய்ந்த புல்லையும் பார்த்துப் போவார். இங்கேயும் அதே வழிதான். பவளத்தில் மேய்ந்த தடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நத்தை பின்னாலேயே வரும்.

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடலாம். இந்த உயிரிகளைச் சிலர் தமிழில் "கடல் அட்டை" என்று எழுதிவிடுகிறார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் அந்தச் சொல்லைச் சொன்னால் பொருளே வேறு. அது வெள்ளரிக்காய் மாதிரி தடித்த தோலுள்ள, நட்சத்திர மீனுக்கு உறவான உயிரி. 2001 முதல் அதைப் பிடித்தாலே வழக்கு. நாம் பேசுவது நத்தையைப் பற்றி, ஓடில்லாத நத்தையைப் பற்றி. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவுக்குப் பொடி ஓடு ஒன்று உண்டு. தன் இரைப் பவளத்தில் இறங்கி உருமாறும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க வெறுமனே "நத்தை" என்றே வைத்துக்கொள்வோம்.

மென்பவளம் எது என்பதற்கு ஓர் எண் போதும்: எட்டு. பவளத்தில் பூத்திருக்கும் சின்னஞ்சிறு உயிர்களைப் பாலிப் என்கிறோம். ஒரு பாலிப்பை உற்றுப் பார்த்து அதன் கைகளை எண்ணுங்கள். எட்டுக் கைகள் இருந்து, ஒவ்வொரு கையும் புளியிலை மாதிரி இருபுறமும் சிறு கிளைகள் விட்டிருந்தால் அது மென்பவளக் கூட்டம். கல் போன்ற பாறையைக் கட்டும் பவளத்துக்கு ஆறு, அல்லது ஆறின் மடங்கு. கடல் விசிறியும், சேற்றில் குத்திவைத்த இறகு போல நிற்கும் கடல் பேனாவும் எட்டுக் கைக் குடும்பத்தில்தான் சேரும். உடலுக்குள் கல் எலும்பு கிடையாது. அதற்குப் பதிலாகச் சதை முழுக்கச் சுண்ணாம்புச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சில்லுகளைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

தெரிந்துவைக்க வேண்டிய மென்பவளங்கள் ஐந்தாறுதான். காளான் குடை விரித்த மாதிரி தோல் போன்ற தொப்பியுடன் இருப்பது சார்கோஃபைட்டான். விரல் விரலாக எழும்புவது சினுலேரியா. சின்னக் கைகள் மூடி மூடித் திறந்தபடி இருப்பது ஸீனியா. இந்த மூன்றின் சதைக்குள்ளும் ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பது அந்தப் பாசி. மங்கிய பழுப்பு நிறம் அதனால்தான். காலிஃபிளவர் மாதிரி கிளைத்து ஊதா, சிவப்பு, ஆரஞ்சு என்று பளிச்சிடும் டென்ட்ரோநெஃப்தியாவுக்குப் பாசி கிடையாது. கயிற்றிலும் இரும்புத் தூணிலும் கொத்துக் கொத்தாகப் படர்ந்து, வெள்ளை நட்சத்திரமாகப் பூக்கும் கரிஜோவாவுக்கும் கிடையாது. இவை நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களை வடித்துத் தின்று பிழைப்பவை.

நம் கரைக்கு இந்த வேறுபாடு முக்கியம். இணையத்தில் பார்க்கிற அழகான படங்களில் பெரும்பாலானவை இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துத் தெளிந்த கடலில் எடுத்தவை. அங்கே பழுப்பு நிற ஸீனியாவில் பழுப்பு நிற நத்தை. புதுச்சேரிக் கடல் அப்படிப்பட்டதல்ல. அடி மணலும் சேறும். சங்கராபரணியும் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வேறு. வெளிச்சம் குறைவு, மிதவை உணவு தாராளம். ஆகவே பாசி இல்லாத மென்பவளங்களுக்கே இங்கே வாழ்வு. செயற்கைப் பாறைத்திட்டின் கான்கிரீட் வளையம், அறுந்து சுற்றிக்கொண்ட வலை, பழைய துறைமுகப் பாலத்தின் தூண் ஆகியவற்றின் நிழற்பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். அங்கே மேயும் நத்தைகள் வெள்ளையாகவோ, கண்ணாடி போலவோ, இளஞ்சிவப்புச் சாயலிலோ இருக்கும். பழுப்பு நத்தையை மனத்தில் வைத்துக்கொண்டு முங்கினால் பக்கத்திலேயே இருக்கும் வெள்ளை நத்தையைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

மென்பவளம் தின்னும் நத்தைகளை நான்கு வீட்டாராகப் பிரித்துக்கொண்டால் வசதி.

முதல் வீடு ஃபில்லோடெஸ்மியம். முதுகெங்கும் விரல் விரலாக நீட்டல்கள் இருக்கும். இவற்றுக்குச் செராட்டா என்று பெயர். இந்தப் பேரினத்தை எரென்பெர்க் 1831-இல் விவரித்தார். இதில் பல இனங்கள் ஒரே ஒரு வகைப் பவளத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இரண்டாம் வீடு டிரிட்டோனியா குடும்பம். உடலின் இரு ஓரத்திலும் மரக்கிளை போன்ற செவுள் கொத்துகள், முகத்துக்கு முன்னால் விரல் வைத்த முன்றானை. டிரிட்டோனியாப்சிஸ் எலிகன்ஸ் என்ற வெள்ளை நத்தை இந்த வீட்டுப் பிள்ளை. மூன்றாவது டெர்மட்டோபிராங்கஸ். முதுகில் நீளவாக்கில் மேடு மேடாக வரி ஓடும், செராட்டா கிடையாது, மண்ணில் புதைந்துகொள்ளும். நான்காவது ஆர்மினா. இதுவும் வரி முதுகுதான், கடல் பேனாவைத் தின்னும். பகலில் மணலுக்குள் இருக்கும். சேற்று அடிக்கடலுக்கு ஏற்ற நத்தை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பாறையை மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறுகிறவர்கள் ஆர்மினாவை வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை.

இவற்றில் கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது ஃபில்லோடெஸ்மியம்தான்.

பச்சோந்தியைப் போல நிறம் மாறுகிறது என்று இந்த நத்தையைப் பற்றி எழுதுவார்கள். ஒப்புமை தப்பு. பச்சோந்தி தன் தோலின் செல்களை வைத்து நிறத்தை மாற்றுகிறது. இந்த நத்தையோ தின்றதை உடுத்திக்கொள்கிறது. அதன் தோல் கிட்டத்தட்டக் கண்ணாடி. செரிமானச் சுரப்பி உடலுக்குள் சுருண்டு கிடக்காமல் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு செராட்டாவுக்குள்ளும் ஏறி நிற்கும். தின்ற பவளத்தின் நிறம் அந்தக் கிளைகளில் தங்கும், வெளியே அப்படியே தெரியும். நிறத்துக்கு இது போதும். வடிவத்துக்கு மேற்கொண்டு ஓர் ஏற்பாடு உண்டு. ஃபில்லோடெஸ்மியம் ருட்மனி என்ற இனத்தின் செராட்டா நுனிகள் ஸீனியாவின் மூடிய பாலிப்பைப் போலவே வீங்கியிருக்கும். நத்தை ஸீனியாவின் மேல் உட்கார்ந்தால் கூட்டத்தில் ஒரு தண்டு கூடிவிட்டது போலத்தான் இருக்கும். கிரிப்டிகம் என்று பெயர் வாங்கிய இனமும் ஸீனியாக்காரன்தான். பெயருக்கே "மறைந்தது" என்று பொருள்.

அடுத்தது பாசி. ஸீனியாவையோ சார்கோஃபைட்டானையோ தின்னும்போது பவளச் சதை செரித்துவிடும், உள்ளே இருந்த பாசி எல்லாம் செரிப்பதில்லை. அது நத்தையின் சுரப்பிச் செல்களுக்குள் குடியேறி, வெளிச்சம் பட்டால் அங்கேயும் சர்க்கரை தயாரிக்கிறது. இரை கொடுக்காமல் வெளிச்சத்தில் வைத்தால் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும் இனங்கள் இதில் இருக்கின்றன. ஃபில்லோடெஸ்மியம் லாங்கிசிர்ரம் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். அதன் செராட்டா பட்டையாக, இலை போல அகன்று, பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். வெயில் வாங்க வைத்த தகடு என்றே சொல்லலாம். கரிஜோவாவைத் தின்னும் ஃபில்லோடெஸ்மியம் பாயிண்டிமியை இனத்துக்கோ இந்த வசதி கிடையாது. இரையில் பாசி இல்லை, நத்தையிலும் இல்லை. ஆகவே அது தொடர்ந்து தின்றாக வேண்டும், மேய்ந்த தடமும் தொடர்ந்து விழும். தேடுகிறவருக்கு லாபம்.

பாதுகாப்பு விஷயத்திலும் உறவுக்காரர்களிடமிருந்து இது வேறுபடுகிறது. செராட்டா வைத்த மற்ற நத்தைகள் பெரும்பாலும் ஹைட்ராய்டு, கடல் சாமந்தி ஆகிய கொட்டும் உயிரிகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் பத்திரப்படுத்தி, தங்கள் செராட்டா நுனியில் ஆயுதமாக வைத்துக்கொள்ளும். மென்பவளத்தின் கொட்டும் செல் அவ்வளவு வலுவானதல்ல. அதைச் சேர்த்துவைத்து ஆவதொன்றுமில்லை. ஆனால் மென்பவளத்தின் சதையில் டெர்பீன் வகைக் கசப்பு வேதிப்பொருள்கள் நிறைய. பெரும்பாலான மீன்கள் அதைத் தொடாததற்கு அதுதான் காரணம். நத்தை அந்தக் கசப்பைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. கரீபியக் கடலில் கடல் விசிறியைத் தின்னும் டிரிட்டோனியா ஹாம்னெரோரம் இதே வேலையைச் செய்கிறது. மீன் கடித்தால் செராட்டாவைக் கழற்றிவிட்டு நகர்ந்துவிடுவதும் உண்டு. கழன்றது பசை போல ஒட்டும், சற்று நேரம் நெளியும், மீனின் கவனம் அதில் போகும். பல்லி வால் கதைதான். செராட்டா திரும்ப முளைக்கும், ஆனால் அதற்குத் தீனி செலவாகும். கையில் குச்சி வைத்துக்கொண்டு நத்தையைத் தட்டித் தட்டி நல்ல கோணத்துக்குத் திருப்புகிற புகைப்படக்காரர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. சொட்டைத் தலையோடு நிற்கும் நத்தைப் படங்களில் பாதி அவர்கள் கைவேலை.

இறங்குவதற்கு முன் ஒரு கணக்கு

பத்து பாகம் ஆழம் என்றால் ஏறக்குறைய 18 மீட்டர். அங்கே அழுத்தம் 2.8 பார், அதாவது நீர்மட்டத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுக்கிறவர் அங்கே 56 லிட்டர் இழுப்பார். வழக்கமான அலுமினியக் காற்று உருளை 11.1 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50 பாரில் மேலே வருவதென்றால் கையில் இருப்பது 150 பார், அதாவது 1,665 லிட்டர். வகுத்தால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆழத்தில் அழுத்தத் தளர்வு நிறுத்தம் (மேலேறும் வழியில் உடலில் கரைந்த வாயு வெளியேற நின்று வருவது) இல்லாமல் தங்க விளையாட்டு முங்கல் அட்டவணை 56 நிமிடம் தருகிறது. ஆனால் அதற்கு முன்பே காற்று தீர்ந்துவிடும். இறங்கும் நேரத்தையும் கயிற்றைத் தேடும் நேரத்தையும் கழித்தால் மிஞ்சுவது இருபது நிமிடம்.

இருபது நிமிடத்தில் திட்டு முழுக்கச் சுற்றிவருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. மூன்று பவளக் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம் கொடுங்கள். கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரே கரிஜோவாக் கொத்தை ஆறு நிமிடம் பார்த்தால் கிடைக்கிற அளவுக்கு முப்பது கொத்தைப் பத்துப் பத்து விநாடி பார்த்தால் கிடைக்காது.

பருவம் தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆற்று வண்டல் கலந்து கடல் மோர் மாதிரி ஆகிவிடும். கொண்டலும் வாடையும் ஓய்ந்து, தை மாசிக்கு மேல் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்பும்போது தண்ணீர் தெளியத் தொடங்கும். ஆனால் ஒரே நாளுக்குள்ளேயே தெளிவு மாறும். ஐந்து மீட்டர் தெரிந்தாலும் நத்தை தேட அது போதும். பார்க்கப் போவது முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தூரம்தானே. கலங்கலைவிட அலையடிப்புதான் உண்மையான தொல்லை. அலை இழுப்பில் பவளமும் ஆடும், நீங்களும் ஆடுவீர்கள், ஐந்து மில்லிமீட்டர் நத்தை எங்கே நிற்கும்?

துடுப்பு அடிக்கும் முறையும் கைகொடுக்கும். மேலும் கீழும் உதைத்தால் அடிச்சேறு புகையாக எழுந்து பவளத்தின் மேல் படியும். பாலிப்புகள் மூடிக்கொள்ளும், மேய்ந்த இடமும் மேயாத இடமும் ஒன்றாகிவிடும். தவளை போலப் பக்கவாட்டில் உதையுங்கள். பவளத்தை அணுகும்போது நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நில்லுங்கள், கிளம்பும் சேறு உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

தடம் பார்த்தல்

முதலில் ஓர் அடி பின்தள்ளி நின்று மொத்தக் கூட்டத்தையும் பாருங்கள். எல்லாப் பாலிப்பும் விரிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு மூடிக் கிடந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அந்தத் திட்டின் நடுவைத் துழாவாதீர்கள். மேய்ந்து முடித்த இடம் அது. திட்டின் விளிம்பில், விரிந்த பாலிப்பும் மூடிய பாலிப்பும் சேரும் கோட்டில்தான் நத்தை நிற்கும்.

கரிஜோவாவில் தடம் இன்னும் தெளிவு. தண்டின் சதை தின்னப்பட்டால் பூவெல்லாம் உதிர்ந்த காம்பு மாதிரி வெறும் குழாய் மிஞ்சும். அதன்மேல் ஓரிரு நாளில் சேறும் பாசியும் படிந்துவிடும். வெளுத்த புதுக் காம்பென்றால் நத்தை பக்கத்தில் இருக்கிறது. பச்சையோ கறுப்போ படிந்த பழைய காம்பென்றால் அடுத்த கொத்துக்கு நகர்ந்துவிட்டது.

அடுத்தது முட்டை. எல்லாத் தடத்திலும் நம்பகமானது இதுதான். நத்தை ஒளியும், முட்டை ஒளியாது. வெள்ளை அல்லது பாலேட்டு நிறத்தில், நூல்கண்டு பிரிந்த மாதிரியோ இடியாப்பம் சுற்றிய மாதிரியோ பசைச் சுருள் பவளத்தின் அடித்தண்டில், குடையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். நத்தைகள் இருபாலிகள். இணைந்த இரண்டுமே முட்டையிடும், ஆகவே ஒரு சுருளைக் கண்டால் இன்னொன்றும் இருக்கலாம். சுருளைக் கண்டதும் அதை மையமாக வைத்து ஒரு சாண் வட்டத்துக்குள் தேடுங்கள். சுருள் புதிதாக இருந்தால் ஒரே சீரான வெள்ளையாக இருக்கும். பொரித்து முடிந்தது கண்ணாடிப் பை போல வெறுமையாகத் தொங்கும். வெதுவெதுப்பான கடலில் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும்.

கடைசியாகத்தான் நத்தை. விளக்கை நேராகப் பிடிக்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிக் கரைந்துவிடும். கையை நீட்டிப் பக்கவாட்டிலிருந்து, பவளத்தை உரசுகிற மாதிரி ஒளியை ஓட்டுங்கள். கண்ணாடி உடலில் ஒளி உள்ளே புகுந்து மினுங்கும், பவளத் தண்டில் மினுங்காது. இன்னொரு குறிப்பு: பாலிப்பின் எட்டுக் கையிலும் புளியிலைக் கிளைகள் உண்டு, செராட்டாவில் கிடையாது. கூட்டத்தில் கிளையில்லாத வழவழ விரல்கள் ஒரு கொத்தாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே முகத்தைத் தேடுங்கள். முகத்தில் இரண்டு மோப்பக் கொம்பு இருக்கும். எல்லாம் ஆடும் திசைக்கு அவை ஆடாது, தனியாக அசையும்.

ஏமாறும் இடங்களும் சில உண்டு. சார்கோஃபைட்டான் அவ்வப்போது தானாகவே பாலிப்புகளை மூடிக்கொண்டு, மேலே மெழுகு போன்ற ஆடையைச் சில நாள் உரித்துத் தள்ளும். முழுக் குடையும் ஒரே மாதிரி மூடிப் பளபளத்தால் அது குளியல், மேய்ச்சல் இல்லை. மேய்ச்சல் ஒரு பக்கமாக, ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கும். கடல் விசிறியின் கிளையில் அதே நிறத்தில் சோழி போன்ற ஒன்று ஒட்டியிருந்தால் அது இந்தக் கூட்டமில்லை. அதற்கு ஓடு உண்டு, சதை மடிப்பை மேலே போர்த்தி ஓட்டை மறைத்திருக்கிறது. மடிப்பு சேரும் கோடு முதுகின் நடுவில் தெரியும். டென்ட்ரோநெஃப்தியாவில் முள்ளோடு நிற்கிற சிவப்பு வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் நண்டு. தட்டையாக, வழுக்கிக்கொண்டு வேகமாகப் போனால் தட்டைப்புழு. நத்தைக்கு அவசரம் கிடையாது.

படம் எடுப்பதில் ஒரே ஒரு அறிவுரைதான் உண்மையில் தேவை: நத்தையை மட்டும் எடுக்காதீர்கள். திரை நிறைய நத்தை, பின்னணி கறுப்பு என்ற படம் பார்க்க நன்றாக இருக்கும், இனம் காண உதவாது. குறைந்தது ஐந்து படம் வேண்டும்: மேலிருந்து முழு உடல், மோப்பக் கொம்பு, செராட்டா முளைக்கும் அடிப்பகுதி, விரிந்த பாலிப்பின் கைகள் எண்ணும்படியாகப் பவளம், முட்டை இருந்தால் அது. அளவுகோலைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து ஆறாவது. பெரிய கேமராவில் மேக்ரோ லென்ஸ் என்றால் எஃப் 16 முதல் 22, ஷட்டர் 1/160 அல்லது 1/200, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, வெளிச்சம் முழுக்க ஃப்ளாஷிலிருந்து. வெள்ளை நத்தையில் ஃப்ளாஷ் எரித்துவிடும், செவுளின் கிளை தெரியாமல் சுண்ணாம்புப் பொட்டாகிவிடும். ஃப்ளாஷின் வலுவை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி குறைத்து எடுங்கள்.

முங்கத் தெரியாதவர்களுக்கு

முங்காமலும் பார்க்கலாம். காலையில் வலை உதறும் நேரத்துக்குக் கரைக்குப் போனால் போதும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது பார்ல வுட்ட வலையா, சேத்துல வுட்ட வலையா?" பாரில், அதாவது கடலடிப் பாறையில் விட்டதென்றால் கடல் விசிறித் துண்டும் மென்பவளத் துணுக்கும் வலையில் சிக்கியிருக்கும். சேற்றில் விட்டதென்றால் கடல் பேனாவையும், அதோடு ஆர்மினாவையும் எதிர்பார்க்கலாம்.

தண்ணீருக்கு வெளியே நத்தை நத்தையாகத் தெரியாது, சளி உருண்டை மாதிரி கிடக்கும். வெள்ளைத் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு அதே இடத்துக் கடல்நீர் ஊற்றி, சந்தேகப்படும் உருண்டையை அதில் விடுங்கள். நிழலில் வையுங்கள். உயிரோடிருந்தால் சில நிமிடத்தில் விரியும். வெயிலில் வைத்த தட்டு சீக்கிரம் சுட்டுவிடும். குழாய்த் தண்ணீர் ஒரு குவளை கலந்தாலும் செத்துவிடும். இந்த இரண்டு தவற்றைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பார்த்து முடித்ததும் நத்தையைக் கடலில் விட்டுவிடுங்கள். கடல் விசிறித் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கல்பவளம், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கரை ஒதுங்கிய துண்டு, காய்ந்த துண்டு என்ற சாக்கெல்லாம் செல்லாது. குழல் பவளம் கல் மாதிரி சிவப்புக் குழாயாக இருந்தாலும் எட்டுக் கைக்காரன்தான் என்பது ஒரு வேடிக்கை.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதே நத்தை வேறு முகம் காட்டும். அங்கே ஒற்றை இரை, தப்பிக்க வழியில்லை, நத்தையைத் தின்ன ஆளில்லை. ஒரு பவளத் துண்டோடு வந்த முட்டைச் சுருள் ஒட்டுமொத்தத் தொட்டியையும் காலி செய்துவிடும். புதுத் துண்டை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்து, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு பாருங்கள். மருந்து நீரில் முக்கினால் நத்தை விழும், முட்டை சாகாது. அதனால்தான் ஒரு முக்கலோடு நிறுத்தியவர்கள் பத்து நாளில் மறுபடி வந்து நிற்கிறார்கள். சுருளைக் கத்தி நுனியால் சுரண்டி எடுத்து, வாரம் ஒரு முறை வீதம் மூன்று நான்கு முறை முக்க வேண்டும். மீன் தொட்டியில் பூச்சியான இதே வீட்டு நத்தையை ஹவாயில் நண்பனாகப் பார்த்தவர்களும் உண்டு. அங்கே 1972-இல் பேர்ல் துறைமுகத்தில் முதலில் கண்ணில் பட்ட கரிஜோவா பின்னர் ஆழத்துக் கறுப்புப் பவளங்களின் மேல் படர்ந்து அவற்றைக் கொன்றது. அதைத் தின்னும் பாயிண்டிமியையைக் கொண்டு கட்டுப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்து, அது கரிஜோவாவை மட்டுமே தின்கிறது என்று 2009-இல் எழுதினார்கள்.

தின்றது எது என்று உறுதி செய்ய

நத்தை ஒரு பவளத்தின் மேல் இருந்தது என்பதும், அதைத் தின்றது என்பதும் ஒன்றல்ல. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் படிக்கும் மாணவர்களுக்கு, உரிய அனுமதியோடு மாதிரி எடுக்கும்போது, இந்த ஒரு சோதனை கட்டாயம் கைவர வேண்டும். இங்கேதான் முதலில் சொன்ன சுண்ணாம்புச் சில்லு வேலைக்கு வருகிறது. பவளச் சதை செரித்துவிடும், சில்லு செரிக்காமல் எச்சத்தோடு வெளியே வந்துவிடும்.

நத்தையைச் சுத்தமான கடல்நீர்க் கிண்ணத்தில் தனியாக ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் கிடக்கும் எச்ச உருண்டைகளைப் பிப்பெட்டால் உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, வீட்டில் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துச் சதைப்பொருள் கரையும். நுரை அடங்கியதும் திரவத்தை மெல்ல வடித்து, காய்ச்சி வடித்த நீரால் மூன்று நான்கு முறை அலசுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் சில்லும் கூடவே போய்விடும், ஒவ்வொரு முறையும் அடங்கும்வரை பொறுங்கள். வினிகர், எலுமிச்சை போன்ற எந்த அமிலமும் பக்கத்தில் வரக் கூடாது. சில்லு கரையும், ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் கிளம்பும். பிறகு நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள்.

சினுலேரியாவின் அடிப்பகுதிச் சில்லு பருத்த கதிர் போன்றது, சில மில்லிமீட்டர் நீளம்கூட இருக்கும். வெறுங்கண்ணுக்கே தெரியும். சார்கோஃபைட்டானின் மேற்தோலில் சிறு கதாயுத வடிவங்கள். ஸீனியாவுக்கு மிகப் பொடியான வட்டத் தகடுகள், குறைந்த உருப்பெருக்கத்தில் தூசி என்று தள்ளிவிடுவீர்கள், 400 மடங்கு வேண்டும்.

மாதிரியைப் பாதுகாப்பதிலும் இதே சில்லுதான் விதி வகுக்கிறது. பவளத் துண்டை ஃபார்மலினில் போட்டால் நாளாக நாளாக அமிலமாகிச் சில்லைக் கரைத்துவிடும். எத்தனாலில் போடுங்கள். நத்தையை நேராக எத்தனாலில் போட்டால் சுருண்டு செராட்டாவையெல்லாம் உதிர்த்துவிடும். மெக்னீசியம் குளோரைடை நன்னீரில் 7.5 விழுக்காடு அளவுக்குக் கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து, நத்தை தொட்டாலும் சுருங்காத நிலைக்கு வரும்வரை அதில் விட்டபின் எத்தனாலுக்கு மாற்றுங்கள். நிறம் ஓரிரு நாளில் போய்விடும், ஆகவே படம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

எச்சத்தில் கிடைத்த சில்லையும், நத்தை உட்கார்ந்திருந்த பவளத்தின் ஒரு துணுக்கை அதே முறையில் கரைத்து எடுத்த சில்லையும் அடுத்தடுத்த தகட்டில் வைத்து ஒப்பிடுங்கள். துணுக்கைத் தண்டிலிருந்து ஒன்று, மேற்தோலிலிருந்து ஒன்று என்று இரண்டாக எடுங்கள், ஒரே பவளத்தில் இரண்டு இடத்துச் சில்லும் வேறு வேறு உருவத்தில் இருக்கும். ஒத்துப்போனால் அதுதான் இரை. ஒத்துப்போகாவிட்டால் நத்தை வேறெங்கோ தின்றுவிட்டு, போகிற வழியில் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்துப் பவளத்திலும் ஒரு துணுக்கு எடுத்துப் பாருங்கள்.